வீட்டில் கட்டிய நில அதிர்வுமானி: 7 வினாடிக்கு மேல் ஊசல் நிற்க மாட்டேன் என்கிறது

அப்பளக்கட்டு (கல்லிடைக்குறிச்சி)
2025 பிப்ரவரி 2, இரவு 9.40

வணக்கம். மூன்று மாதமாக இங்கே வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

வீட்டுப் பின்கட்டில் படுக்கை ஊசல் வகை சீஸ்மோமீட்டர் ஒன்று கட்டியிருக்கிறேன். அடியில் கடப்பாக்கல். அதன் ஒரு முனையில் ஒன்றரை அடி உயரத்துக்கு இரும்பு ஆங்கிள் தூண். தூணின் அடியில் ஒரு போல்ட் தலை, அதில் முட்டிக்கொண்டு 60 செ.மீ. நீள அலுமினியக் குழாய் கிடையாக நீள்கிறது. இதைத்தான் கை என்று சொல்கிறேன். கை முனையில் 2 கிலோ எடைக்கல். தூண் உச்சியிலிருந்து சைக்கிள் பிரேக் கம்பி இறங்கி எடையைத் தாங்குகிறது. எடைக்கல்லை ஒட்டி ஒரு தகடு, தகட்டின் இரண்டு பக்கமும் ஹார்டு டிஸ்க்கில் கழற்றிய காந்தங்கள். இது டாம்பிங்குக்கு, அதாவது ஆட்டத்தைச் சீக்கிரம் அடக்க. கடப்பாக்கல்லுக்கு அடியில் மூன்று 6 எம்.எம். போல்ட்: தூண் பக்கம் 25 செ.மீ. இடைவெளியில் இரண்டு, எடைப் பக்கம் ஒன்று. முன்னுக்கும் பின்னுக்கும் 60 செ.மீ.

எடைப் பக்கத்துத் திருகை உயர்த்த உயர்த்த அலைவு நேரம் (கை ஒரு தடவை போய்த் திரும்பி வர எடுக்கும் நேரம்) கூடுகிறது. 4, 5, 6, 7 வினாடி வரை ஒழுங்காக ஆடுகிறது. அதற்கு மேல் ஒரு கால் சுற்று, அரைச் சுற்று கொடுத்தால் போதும், கை வலப்பக்கமாகப் போய் ஒட்டிக்கொள்கிறது. திரும்பி வருவதே இல்லை. குறைந்தது 15 வினாடி வேண்டும் என்று எல்லாரும் எழுதுகிறீர்கள். எங்கே தப்பு செய்கிறேன்?

எடைக்கல் எங்கள் அப்பளக் கடையுடையது, ஆச்சிக்குத் தெரியாமல் எடுத்தது. பதில் கொஞ்சம் சீக்கிரம் வந்தால் புண்ணியம்.

லேத்துப்பட்டறை (பேட்டை)
2025 பிப்ரவரி 2, இரவு 10.15

தம்பி, போல்ட் தலையைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். குழாய் முனை முட்டுகிற இடத்தில் சின்னதாக ஒரு குழி விழுந்திருக்கும். சாதா போல்ட் மெது இரும்பு, 2 கிலோ பாரத்துக்கே குழிந்துவிடும். குழிக்குள் உட்கார்ந்த முனை எப்படி உருளும்? பழைய பேரிங் ஒன்றை உடைத்து ஒரு குண்டை எடுங்கள். குழாய் முனையில் குண்டு, அது முட்டுகிற இடத்தில் பேரிங்கின் வெளி வளையத்தில் வெட்டிய துண்டு. இரண்டுமே கடினப்படுத்திய எஃகு.

பிரேக் கம்பியும் ஆகாது. அது பல இழை முறுக்கிய கம்பி, அந்த முறுக்கே கையை ஒரு பக்கம் திருப்பும். ஒற்றைக் கம்பியாக, கிட்டார் கம்பி போடுங்கள்.

ரசமட்டம் (பாளையங்கோட்டை)
2025 பிப்ரவரி 3, காலை 6.05

பட்டறை அண்ணாச்சி சொன்ன இரண்டும் சரி. ஆனால் உங்கள் நோய் அதுவல்ல என்று நினைக்கிறேன்.

கல்லிடையில் பழைய வீடு என்றால் கீல் இல்லாமல் மேலும் கீழும் குடுமியில் சுழல்கிற குடுமிக் கதவு இருக்குமே. நிலை தூக்குநூலுக்குச் சரியாக நின்றால் கதவு விட்ட இடத்தில் நிற்கும். நிலை கொஞ்சம் முன்னால் சாய்ந்திருந்தால், எங்கே விட்டாலும் மெல்ல ஆடி ஒரே இடத்துக்கு வந்து சேரும். சாய்வு குறையக் குறைய அந்த ஆட்டம் சோம்பலாகும். பின்னால் சாய்ந்துவிட்டால் கதவு ஒரு பக்கம் போய் மோதும். நீங்கள் கட்டியிருப்பது அந்தக் கதவைத்தான். மேல் குடுமி கம்பி கட்டிய இடம், கீழ்க் குடுமி போல்ட் தலை.

இப்போது கணக்கு. உங்கள் அளவுக்கு 7 வினாடி கிடைக்க, தூண் முன்னால் சாய வேண்டிய அளவு 60 செ.மீ.க்கு ஏறக்குறைய 3 செ.மீ. 15 வினாடிக்கு 6.5 மி.மீ. 20 வினாடிக்கு 3.6 மி.மீ. ஆக 7 வினாடியில் நிற்கும் ஊசல் கவிழ இன்னும் 3 செ.மீ. பாக்கி இருக்க வேண்டும். 6 எம்.எம். போல்ட்டில் ஒரு சுற்றுக்கு 1 மி.மீ., கால் சுற்று என்றால் கால் மி.மீ. அதற்கே கை ஓடுகிறது என்றால் அதை இழுப்பது பூமி இல்லை, வேறு ஏதோ.

எடைக்கல் வார்ப்பிரும்பு. பக்கத்தில் ஹார்டு டிஸ்க் காந்தம். சந்தேகம் தீர ஒரே வழி: காந்தங்களை அடுத்த அறைக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

சும்மாவந்தவன்
2025 பிப்ரவரி 3, காலை 8.30

நடுவில் புகுந்து கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். எதற்கு இந்தக் கதவு வித்தை? உத்தரத்தில் ஒரு குண்டைக் கட்டித் தொங்கவிட்டால் ஆகாதா?

ரசமட்டம்
2025 பிப்ரவரி 3, காலை 8.50

ஆகும். 15 வினாடி அலைவு நேரத்துக்குக் கயிறு 56 மீட்டர் வேண்டும், 20 வினாடிக்கு ஏறக்குறைய 100 மீட்டர். அவ்வளவு உயர உத்தரம் உங்கள் வீட்டில் இருந்தால் சொல்லுங்கள், வந்து பார்க்கிறேன்.

தூரத்து நிலநடுக்கத்தின் மேற்பரப்பு அலைகள் 20 வினாடியை ஒட்டி வரும். ஊசல் அதைவிட வேகமாக ஆடுவதாக இருந்தால் தரையோடு சேர்ந்தே போய்விடும், வித்தியாசம் தெரியாது. சோம்பேறி ஊசல்தான் தரை நகரும்போது நின்ற இடத்திலேயே நிற்கும். 1889 ஏப்ரலில் ஜெர்மனியின் போட்ஸ்டாமில் ரெபோயர்-பாஷ்விட்ஸ் என்பவர் ஜப்பானில் நடந்த நிலநடுக்கத்தைப் பதிவு செய்தது இப்படிப்பட்ட படுக்கை ஊசலில்தான். தூரத்து நடுக்கம் ஒன்று கருவியில் விழுந்ததாக உணர்ந்துகொண்டது அதுதான் முதல் தடவை. அவர் அதைக் கட்டியதோ, நிலவின் இழுப்பால் தரை சாய்வதை அளக்க.

அப்பளக்கட்டு
2025 பிப்ரவரி 9, மாலை 5.20

ரசமட்டம் சார், காந்தம்தான்! கழற்றிய உடனே, வேறு எதையும் தொடாமல், திருகை மட்டும் உயர்த்தி 13 வினாடி வரை போய்விட்டேன். மாப்பிள்ளை மாதிரி நிதானமாகப் போய் நிதானமாக வருகிறது.

பட்டறை அண்ணாச்சி சொன்ன குழியும் இருந்தது, மிளகு அளவுக்கு. குண்டும் வளையத் துண்டும் மாற்றிவிட்டேன்.

ஆனால் காந்தம் இல்லாமல் டாம்பிங் எப்படி? ஒரு தடவை தட்டிவிட்டால் கால் மணி நேரம் ஆடிக்கொண்டே இருக்கிறது.

தேரிக்காட்டான் (திசையன்விளை)
2025 பிப்ரவரி 9, இரவு 7.10

இரும்பை விட்டு ஈயத்துக்கு வாருங்கள். உவரியில் வலைக்குக் கட்டுகிற ஈயக்குண்டு கிடைக்கும். ஒன்றரை இரண்டு கிலோ வாங்கி, ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டில் அடைத்து, இரண்டு முனையும் எம்-சீல் வைத்து மூடிவிட்டேன். உருக்கவே வேண்டாம், ஈயப்புகை நல்லதல்ல. ஆச்சியின் எடைக்கல்லை நாளைக்கே கடையில் வைத்துவிடலாம்.

லேத்துப்பட்டறை
2025 பிப்ரவரி 9, இரவு 9.00

டாம்பிங் தகடு என்ன உலோகம், என்ன கனம்? பாத்திரக்கடைச் செம்புத் தகடு என்றால் காகிதக் கனம்தான் இருக்கும், வேலை செய்யாது. மின்பலகை செய்கிற இடத்தில் பஸ்பார் (தடித்த செம்புப் பட்டை) மிச்சத்துண்டு கேளுங்கள், 3 மி.மீ.க்குக் குறையாமல். காந்தங்களைத் தரையில் நிற்கிற ஒரு இரும்பு லாடத்தில் ஒட்டுங்கள். வடக்கும் தெற்கும் ஒன்றையொன்று பார்க்க வேண்டும், நடுவில் செம்பு.

ரசமட்டம்
2025 பிப்ரவரி 10, காலை 6.00

காந்தத்துக்கு நடுவே செம்பு நகரும்போது அதில் சுழல் மின்னோட்டம் பிறக்கும், அதுதான் பிரேக். நகர்ந்தால் மட்டும் பிடிக்கும், நின்றால் விட்டுவிடும். எண்ணெயில் துடுப்பை முக்கி டாம்பிங் செய்கிறவர்களும் உண்டு. நானும் செய்தேன். ஒரு மாதத்தில் எண்ணெயில் தூசியும் எறும்பும்தான் மிஞ்சின.

பிரேக் எவ்வளவு வேண்டும் என்பதற்குக் கணக்கெல்லாம் போட வேண்டாம். கை முனையை 20 மி.மீ. விலக்கி விடுங்கள். நடுவைத் தாண்டி மறுபக்கம் 1 மி.மீ. போய்த் திரும்பி நின்றால் சரி. 5 மி.மீ. போனால் காந்தத்தை நெருக்குங்கள். தாண்டாமல் எருமை மாதிரி ஊர்ந்து வந்தால் விலக்குங்கள்.

வரிசை மாறக் கூடாது. முதலில் காந்தம் இல்லாமல் அலைவு நேரம், கடைசியில் டாம்பிங்.

தூண் பக்கத்து இரண்டு திருகையும் ஸ்பேனரால் தொடாதீர்கள். 15 வினாடியில் ஊசல் நிற்கும்போது, அவற்றில் ஒன்றின் அடியில் ஒரு நோட்டுத் தாளைச் செருகினாலே கை முனை ஏறக்குறைய 2 செ.மீ. நகரும். கையை நடுவுக்குக் கொண்டுவர நான் தாள்தான் செருகுகிறேன். மளிகைக்கடை பில் இன்னும் மெல்லியது.

அப்பளக்கட்டு
2025 பிப்ரவரி 23, இரவு 10.05

ஈயம் வந்தது (தேரிக்காட்டான் அண்ணன் பஸ்ஸில் கொடுத்துவிட்டார், நன்றி), பஸ்பார் வந்தது. 16 வினாடி. 20 மி.மீ. விலக்கினால் 1 மி.மீ. தாண்டுகிறது. இரண்டு பில்லும் ஒரு பஸ் டிக்கெட்டும் செருகியதில் கை நடுவில் நிற்கிறது.

இனி, ஆட்டத்தை மின்சாரமாக்கிப் பதிவு செய்யக் காயில். மோட்டார் காயில் கட்டுகிற கடையில் கேட்டால், "எத்தனை ஹெச்.பி.?" என்கிறார்கள்.

மின்மினி (வண்ணார்பேட்டை)
2025 பிப்ரவரி 23, இரவு 11.30

40 கேஜ் எனாமல் கம்பி, 2000 முதல் 3000 சுற்று என்று சொல்லுங்கள். முறைப்பார்கள். சீலிங் ஃபேன் காயில் சுற்றுகிற கடைக்குப் போனால் முறைப்பு குறைவு.

காயில் கையில் இருக்கட்டும், அதன் காந்தம் தரையில் இருக்கட்டும். காயிலிலிருந்து வரும் இரண்டு கம்பியையும் கை நீளத்துக்கு ஒட்டிக் கொண்டுவந்து குடுமிக்குப் பக்கத்தில் கீழே இறக்குங்கள். முனையிலிருந்து நேரே தொங்கவிட்டால் அந்தக் கம்பியே ஸ்பிரிங் ஆகிவிடும், உங்கள் 16 வினாடி 9 வினாடி ஆகும்.

மின்சுற்றுக்குப் பெரிய செலவு வேண்டாம். காயிலின் மின்னழுத்தத்தை எண்ணாக மாற்ற, எடை மெஷினில் போடுகிற எச்எக்ஸ்711 பலகை போதும். 24 பிட், 128 மடங்கு பெருக்கம். வினாடிக்கு 10 அளவு என்கிற வேகத்தில் வையுங்கள். அந்த வேகத்தில் 50 ஹெர்ட்ஸ் மின்சார இரைச்சலை அதுவே வடிகட்டிவிடும். ஒரு எச்சரிக்கை: காயிலின் முனையை நேராகத் தரைக் கம்பியில் கட்டினால் எண் எல்லாம் கிறுக்காக வரும். அதன் உள்ளீடு மின்னழுத்தத்தின் நடுவில் மிதக்க வேண்டும். இரண்டு 10 கிலோ ஓம் ரெசிஸ்டரை மேலும் கீழுமாகக் கட்டி, நடுவிலிருந்து காயிலின் ஒரு முனைக்குக் கொடுங்கள்.

நேரத்துக்கு ஆர்டுயினோ என்கிற சின்னக் கட்டுப்பாட்டுப் பலகையை நம்பாதீர்கள், ஒரு நாளைக்கே பல வினாடி பிசகும். ராஸ்பெர்ரி பை என்கிற குட்டிக் கணினியை வைத்து இணையத்திலிருந்து நேரம் எடுங்கள்.

அப்பளக்கட்டு
2025 மார்ச் 8, இரவு 8.15

கோடு வருகிறது அக்கா! ஆனால் நேர்கோடு இல்லை. வீட்டில் ஆள் இல்லை, மின்விசிறி இல்லை, கருவி மேல் பழைய மீன்தொட்டியைக் கவிழ்த்து விளிம்பெல்லாம் களிமண் பூசியாயிற்று. ஆனாலும் 5, 6 வினாடிக்கு ஒரு தரம் மெல்லிய அலை ஒன்று ஓயாமல் ஏறி இறங்குகிறது. ராத்திரியும் நிற்கவில்லை. எங்கே ஒழுகுகிறது?

இன்னொன்று. விடியற்காலம் 5 மணிக்கு ஆச்சி உளுந்து மாவு இடிக்க ஆரம்பித்தால் திரை முழுக்க முள் முள்ளாக நிற்கிறது. ஒவ்வொரு உலக்கைக் குத்துக்கும் ஒரு முள், எண்ணிவிடலாம். ஒரு நாள் 40 முள் வந்து, கொஞ்சம் இடைவெளி, மறுபடி 40. நடுவில் மாவைத் திருப்பிப் போடுகிறாள். அதைக் கொண்டுபோய்க் காட்டினேன். "ஏல, நான் இடிக்கது உனக்கு பூகம்பமால?" என்றாள்.

ரயிலும் தெரிகிறது. செங்கோட்டை வண்டி தண்டவாளத்தில் வரும்போது அதிர்வு ஒரு பக்கம் இருக்க, கோடு முழுசாக ஒரு பக்கம் சாய்ந்து, வண்டி போனதும் நிமிர்கிறது.

ரசமட்டம்
2025 மார்ச் 9, காலை 6.10

ஒழுகவில்லை. அது கடல்.

எதிரெதிர்த் திசையில் வரும் அலைத்தொடர்கள் கடலில் மோதிக்கொள்ளும்போது அந்த அழுத்தம் அடித்தரை வரை இறங்கும். அலையின் காலத்தில் பாதிக் காலத்தோடு தரை துடிக்கும். 12 வினாடி அலை என்றால் 6 வினாடித் துடிப்பு. உலகம் முழுக்க எந்தக் கருவியிலும் இது உண்டு. ஆனி ஆடியில் பாருங்கள், இரண்டு மூன்று மடங்காகப் பெருக்கும். வங்கக்கடலில் புயல் வந்தாலும் பெருக்கும். கல்லிடையில் பின்கட்டில் உட்கார்ந்துகொண்டு கடலைக் கேட்கிற அளவுக்குக் கருவி வந்துவிட்டது. இதற்கு மேல் பெருக்கத்தைக் கூட்டாதீர்கள்.

ரயில் சாய்வும் நிஜம்தான். வண்டியின் பாரத்துக்குத் தரை இத்தனூண்டு அமுங்குகிறது, படுக்கை ஊசலுக்கு அது போதும். உங்கள் திருகுகள் சரியாக இருக்கின்றன என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

கரிசல்காற்று (கயத்தாறு பக்கம்)
2025 மார்ச் 9, மாலை 4.45

உங்களுக்கு ரயில், எனக்கு மண். கரிசலில் கட்டினேன். ஐப்பசி மழைக்கு மண் ஊதிக்கொண்டது, மறுநாள் கை இடது சுவரில். வெயில் வந்து வெடிப்பு விட்டதும் வலது சுவரில். வாரத்துக்கு மூன்று நாள் தாள் செருகுகிற வேலை.

பிறகு வீட்டுத் தரையை விட்டு விலகி, சுக்காம்பாறை தட்டும் வரை தோண்டி, அதிலிருந்து ஒரு சிமெண்ட் திண்டு எழுப்பினேன். திண்டைச் சுற்றி நாலு விரல் இடைவெளி, அதில் மணல்கூடப் போடவில்லை. இப்போது மாதத்துக்கு ஒரு தாள்.

காற்றாலை இரைச்சல் போகவில்லை. மூன்று இறக்கை, நிமிடத்துக்கு 20 சுற்று என்றால் வினாடிக்கு ஒரு இறக்கை தூணைக் கடக்கிறது. அந்த ஒரு ஹெர்ட்ஸ் கோடு என் வரைபடத்தில் நிரந்தரக் குடித்தனம். உங்கள் ஊரில் அது இல்லை, கொடுத்து வைத்தவர்.

அப்பளக்கட்டு
2025 மார்ச் 28, மாலை 6.30

கை நடுங்குகிறது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மத்தியானம் சாப்பிட வந்தபோது திரை கறுப்பாக இருந்தது. பூனை மீன்தொட்டி மேல் ஏறிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். பின்னால் நகர்த்திப் பார்த்தால் 11.55 முடியப் போகும்போது சின்னதாக ஒரு நடுக்கம். ஏறக்குறைய 4 நிமிடம் கழித்துப் பெரிதாக இன்னொன்று. அதற்கப்புறம் மேலும் கீழும் கோடு வெட்டுப்பட்டு, ஒரு மணி நேரத்துக்கு மேல் அடங்கவே இல்லை. செய்தியைத் திறந்தால் மியான்மர், 7.7.

இரண்டு அலைக்கும் நடுவே 240 வினாடி. இடைவெளியில் ஒவ்வொரு வினாடிக்கும் 8 கி.மீ. தூரம் என்று எங்கோ படித்தேன், பெருக்கினால் 1,920 கி.மீ. வரைபடத்தில் அளந்தால் மாண்டலே 2,400 கி.மீ.க்கு மேல் வருகிறது. கடிகாரம் தப்பா, ஊசல் தப்பா?

மின்மினி
2025 மார்ச் 28, இரவு 7.00

தம்பி!!! வாழ்த்துகள். படத்தை முழு அளவில் போடுங்கள், சுருக்காதீர்கள்.

ரசமட்டம்
2025 மார்ச் 28, இரவு 9.20

கடிகாரமும் சரி, ஊசலும் சரி. தப்பு அந்த 8-இல் இருக்கிறது.

வினாடிக்கு 8 கி.மீ. என்பது சில நூறு கி.மீ.க்குள் நடக்கும் நடுக்கத்துக்கு. அங்கே அலை மேலோட்டிலும் அதற்குச் சற்றுக் கீழேயும் போகிறது. தூரம் கூடக் கூட அலை ஆழத்தில் இறங்கிப் போகும், அங்கே பாறை இறுகியது, வேகம் அதிகம். அப்போது பெருக்கல் உதவாது, பயண நேர அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும். அட்டவணையில் 4 நிமிட இடைவெளிக்கு 22 பாகை (தூரத்தைப் பூமியின் நடுவிலிருந்து கோணமாகச் சொல்வது). ஒரு பாகை 111 கி.மீ., பெருக்கிப் பாருங்கள்: 2,440. நடுக்கம் நம் நேரப்படி 11.50.52-க்கு. முதல் அலை இங்கே வர ஏறக்குறைய 5 நிமிடம். நீங்கள் எழுதிய 11.55 முடியப் போகும் நேரத்தோடு பொருந்துகிறது.

உங்கள் கை எந்தத் திசையில் நீட்டியிருக்கிறது?

அப்பளக்கட்டு
2025 மார்ச் 28, இரவு 9.35

தெற்கு வடக்காக சார்.

ரசமட்டம்
2025 மார்ச் 28, இரவு 9.50

அப்படியானால் கிழக்கு மேற்கு ஆட்டம்தான் அதற்குத் தெரியும். தூரம் சொல்லும், திசை சொல்லாது. குறுக்காக இன்னொரு ஊசல் கட்டும் வரை செய்தித்தாள்தான் திசை. முதல் அலை சின்னதாக வந்ததற்கும் காரணம் உண்டு. அது கீழிருந்து மேலாகக் குத்துகிற அலை, படுக்கை ஊசல் அதை அரைக்கண்ணால்தான் பார்க்கும்.

சும்மாவந்தவன்
2025 மார்ச் 29, காலை 9.15

அப்படியென்றால் கூடங்குளம் பக்கம் ஏதாவது வருவதற்கு முன்னாலேயே இது சொல்லிவிடுமா? சுனாமியையாவது?

மின்மினி
2025 மார்ச் 29, காலை 10.00

முன்னால் சொல்லாது. நடந்த பிறகு, அலை வந்து சேர்ந்த பிறகுதான் எழுதும். சுனாமி எச்சரிக்கைக்கு ஐதராபாத்தில் 2007 முதல் மையம் இருக்கிறது. அவர்கள் பல இடத்து அதிர்வுமானிகளோடு கடலடி அழுத்தமானிகளையும் அலைமானிகளையும் சேர்த்துப் பார்த்துச் சொல்கிறார்கள். பின்கட்டில் இருக்கிற ஒற்றை ஊசலை வைத்து யாரும் யாருக்கும் எச்சரிக்கை அனுப்பக் கூடாது. வாட்ஸ்அப்பில் போடுவதும் அதில் சேரும்.

ரசமட்டம்
2025 மார்ச் 29, இரவு 10.40

இதை எழுதலாமா என்று காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தேன்.

2004-இல் என்னிடம் கம்ப்யூட்டர் இல்லை. உருளையில் தாள் சுற்றி, பேனா முனையில் மை வைத்த கருவி. டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை தாண்டி மூன்று நான்கு நிமிடம் இருக்கும், காப்பி டம்ளரோடு அந்த அறைக்குப் போனேன். பேனா ஆடிக்கொண்டிருந்தது. நான் நின்று பார்க்கப் பார்க்கவே ஆட்டம் பெரிதாகி, பேனா தாளை விட்டு வெளியே போய் உருளையில் முட்டியது. அந்த வாரம்தான் குடுமியை மாற்றியிருந்தேன். அதுதான் கழன்றுவிட்டது என்று நினைத்து, ஊசலைக் கையால் பிடித்து நிறுத்தினேன். தாளைக் கழற்றிக் கசக்கிப் போட்டுவிட்டுத் திருகைச் சரிசெய்ய உட்கார்ந்தேன். எவ்வளவு சரிசெய்தும் ஊசல் அடங்கவில்லை. ஒரு மணி நேரம் போராடியிருப்பேன்.

நம் கரைக்குக் கடல் வந்தது அதற்கும் பிறகு. யாருக்குச் சொல்லியிருப்பேன், என்னவென்று சொல்லியிருப்பேன் என்றால் பதில் இல்லை. அப்போது கேட்கிற இடமும் இல்லை. ஆனால் அந்தத் தாளைக் கசக்கியிருக்க வேண்டாம்.

தேரிக்காட்டான்
2025 மார்ச் 30, காலை 7.30

சார், அன்று நான் உவரியில் இருந்தேன். நேரில் பார்க்கும்போது பேசுவோம்.

தேரிக்காட்டான்
2025 ஏப்ரல் 14, மாலை 3.10

புத்தாண்டு வாழ்த்துகள். வேறு விஷயம். எங்கள் பக்கம் ஒரு கல்குவாரியில் வெடி வைக்கிறார்கள், சுவரில் விரிசல். கேட்டால் "அளந்து காட்டு" என்கிறார்கள். என் ஊசலில் வெடி நன்றாகவே தெரிகிறது. இந்தப் படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால் எடுபடுமா?

மின்மினி
2025 ஏப்ரல் 14, மாலை 5.00

எடுபடாது அண்ணன். வெடியின் அதிர்வு வினாடிக்கு 5 முதல் 50 தடவை ஆடுவது, உங்கள் ஊசல் 15 வினாடிக்கு ஒரு தடவை ஆடுவது. அதுவும் வினாடிக்கு 10 அளவுதான் எடுக்கிறீர்கள். வெடி "வந்தது" என்று காட்டும், "எவ்வளவு" என்று காட்டாது.

அவர்கள் பேசுகிற அளவு, தரைத் துகளின் உச்ச வேகம், வினாடிக்கு எத்தனை மி.மீ. என்று. சாதாரணச் செங்கல் வீட்டுக்குச் சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம் வைத்திருக்கும் எல்லை: 8 ஹெர்ட்ஸுக்குக் கீழே என்றால் 5 மி.மீ., 8 முதல் 25 வரை 10 மி.மீ., அதற்கு மேல் 15 மி.மீ. இதை அளக்க மூன்று திசை ஜியோஃபோனும் (வேகமான தரை அதிர்வை அளக்கும் கருவி) அளவு சரிபார்த்த சான்றிதழும் வேண்டும். உங்கள் படத்தின் உபயோகம் வேறு: எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எத்தனை வெடி என்று ஒரு மாதக் கணக்கு எழுதுங்கள். மனுவில் அதைச் சேர்த்து, சான்றுள்ள கருவியை வைத்து அளக்கச் சொல்லிக் கேளுங்கள்.

லேத்துப்பட்டறை
2025 ஏப்ரல் 14, இரவு 9.30

விரிசலின் இரண்டு பக்கமும் சேர்த்துக் கண்ணாடிச் சில்லு ஒட்டி, அதில் தேதி எழுதி வையுங்கள். சுவர் அசைந்தால் சில்லு உடையும். கொத்தனார் வைத்தியம்தான், ஆனால் வாதிட ஆள் வராது.

அப்பளக்கட்டு
2025 ஜூலை 6, இரவு 8.50

ரசமட்டம் சார் சொன்னபடியே ஆனியில் கடல் பெருத்துவிட்டது. சாரல் காற்று அடிக்கும் நாளில் தென்னை ஆடினாலும் கோடு ஆடுகிறது, வேர் வழியாகத் தரையைச் சாய்க்கிறது போல. போன வாரம் கை திடீரென்று 11 வினாடிக்கு இறங்கிவிட்டது. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் டார்ச் அடித்துப் பார்த்தால் தூணுக்கும் கைக்கும் நடுவே சிலந்தி ஒன்று வலை கட்டியிருக்கிறது, ஐந்தாறு இழை. துடைத்ததும் 16. களிமண் காய்ந்து வெடித்த வழியாக வந்திருக்கிறது.

லேத்துப்பட்டறை
2025 ஜூலை 6, இரவு 9.15

சிலந்தி இழை கிட்டார் கம்பியைவிட உசத்தி என்று முன்னமே தெரிந்திருந்தால் செலவு மிச்சம்.

அப்பளக்கட்டு
2025 ஜூலை 30, காலை 7.40

கம்சட்கா 8.8 பார்த்தீர்களா? நம் நேரப்படி 4.54.52. அட்டவணைப்படி முதல் அலை 5.07-ஐ ஒட்டி வர வேண்டும். நான் எழுந்து உட்கார்ந்துதான் இருந்தேன். ஆனால் ஆச்சி 5 மணிக்கே உலக்கையைத் தூக்கிவிட்டாள். 5.07-இல் இருப்பதெல்லாம் உளுந்துதான். மாவைத் திருப்பிப் போடுகிற இடைவெளியில் ஏதோ ஒரு கோணல் தெரிகிறது, அதுதான் இது என்று சத்தியம் செய்ய முடியாது. 5.17-ஐ ஒட்டி வந்த இரண்டாவது அலை உலக்கையையும் மீறி நிற்கிறது, அதில் சந்தேகமே இல்லை. அதற்குப் பிறகு வந்த நீள அலைகள் ஆளையே தூக்கிச் சாப்பிடுகிற அளவு.

ஆச்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்ட வந்து பார்த்துவிட்டு, உலக்கை முள் இருக்கிற இடத்தில் விரலை வைத்தாள். "இது நான். இது எவன்?" என்றாள். ரஷ்யா என்றேன். இனிமேல் பெரிய நடுக்கம் வந்தால் சொல்லு, நிறுத்துகிறேன் என்கிறாள். வருவது முன்னால் தெரியாதே ஆச்சி என்றால், அப்புறம் எதற்கு இது என்று போய்விட்டாள். எடைக்கல் எடுத்த கதை அவளுக்கு ஏற்கெனவே தெரியுமாம்.

இரண்டாவது ஊசல் தொடங்குகிறேன், கிழக்கு மேற்காகக் கை நீட்டி. அண்ணாச்சி, இன்னொரு பேரிங் வளையத் துண்டு வெட்டித் தர முடியுமா?

ரசமட்டம்
2025 ஜூலை 30, காலை 8.05

அந்த 5.07 கோணலை இரண்டு நிமிடம் முன்னும் பின்னும் சேர்த்து மூலத் தரவாக அனுப்புங்கள். உலக்கை ஒரு வினாடிக்குள் முடிகிற அடி. வடிகட்டி அதை எடுத்துவிட்டு, அடியில் என்ன மிஞ்சுகிறது என்று பார்க்கலாம். தாளைக் கசக்கிவிடாதீர்கள்.

லேத்துப்பட்டறை
2025 ஜூலை 30, காலை 9.20

ஞாயிறு மத்தியானம் வரை பட்டறை உண்டு. வரும்போது குழி விழுந்த அந்தப் பழைய போல்ட்டையும் கொண்டு வாருங்கள், புதுப் பையன் ஒருத்தன் சேர்ந்திருக்கிறான், அவனுக்குக் காட்ட வேண்டும். கூடவே இரண்டு கட்டு அப்பளம்.